பிளைவூட்டும் பைபரும் சேர்த்து வீட்டிலேயே 14 அடி எஞ்சின் படகு

வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல்களில் பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைப்பார்கள். கடலில் இறங்கியதும் மரம் நீர் குடித்து ஊதி, இடுக்குத் தானாக இறுகும். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணியும் பலகையில் கட்டிய கப்பல்தான். பிளைவூட்–பைபர் படகு இதற்கு நேர் எதிர். இதன் மரத்துக்குள் ஒரு துளி நீரும் போகக்கூடாது. போனால் பைபருக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். மழைநீர் கடல்நீரைவிட வேகமாக உக்க வைக்கும். கீழே உள்ள வேலைகளில் பாதி இந்த ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

இங்கே தரும் அளவுகள் பரவைக்கடலில் ஓடும் படகுக்கானவை: நீளம் 14 அடி, அடிப்பாகம் 4 அடி அகலம், 15 குதிரைவலு எஞ்சின். ஆழ்கடலுக்கு இது போதாது. தொழிலுக்கு ஓட்டுவதென்றால் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி பதிவு வேண்டும். கட்டத் தொடங்குமுன் கடற்றொழில் பரிசோதகரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

பொருட்கள்

8க்கு 4 அடி மரைன் பிளைவூட்: பக்கங்களுக்கு 6 மி.மீ. 2 தாள், அடிக்கு 9 மி.மீ. 2 தாள், குறுக்குச் சட்டங்களுக்கும் இருக்கைக்கும் 9 மி.மீ. 2 தாள், எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கு 18 மி.மீ. 1 தாள். தாளில் ‘மரைன்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கையளவு துண்டு ஒன்றை 6 மணிநேரம் கொதிக்க வைத்து, காயவிட்டு, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்குப் பிரிந்தால் அந்தத் தாள் வேண்டாம். ஏராக்கட்டைக்கு (அடியின் நடுவே நீளவாக்கில் போகும் கட்டைக்கு) நேரான நார் உள்ள, நன்றாகக் காய்ந்த இலகு மரம் எடுங்கள். பாலையும் முதிரையும் வீட்டு வளைக்கும் நிலைக்கும் நல்லவை. படகுக்குக் கனம் அதிகம், பசையும் உள்ளே இறங்காது.

எப்பொக்சி ரெசின், அதை இறுக்கும் ஹார்ட்னரோடு சேர்த்துச் சுமார் 24 கிலோ. சதுர மீற்றருக்கு 200 கிராம் நெய்த பைபர் துணி 20 சதுர மீற்றர், அடிப்பாகத்துக்கு 400 கிராம் குறுக்குநார்த் துணி 6 சதுர மீற்றர், அதே 400 கிராமில் 15 செ.மீ. அகல நாடா 45 மீற்றர்.

படகுப் பட்டறைகளில் கிடைக்கும் மலிவான பாய் வகைப் பைபரை வாங்கிவிடாதீர்கள். அதன் நார்களைப் பிடித்திருக்கும் பசை, பொலியெஸ்ரர் ரெசினில் உள்ள ஸ்ரைரீனில்தான் கரையும். எப்பொக்சியில் கரையாது, பாய் விறைத்து நின்று காற்றைப் பிடித்துக்கொள்ளும். பொலியெஸ்ரரையே பூசினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அச்சில் வார்க்கும் முழுப் பைபர் படகுக்கு அது சரி. மரத்தில் அது வலுவாக ஒட்டாது, சில பருவங்களில் தோல்போல உரிந்து வரும்.

ஹார்ட்னர் அளவு

பொலியெஸ்ரரில் வேலை செய்து பழகிய கை இங்கேதான் தவறும். அதில் ஊக்கியைக் கூட்டினால் விரைவாக இறுகும். எப்பொக்சியில் ஹார்ட்னர் ஊக்கி அல்ல, ரெசினோடு சேர்ந்தே இறுகும் ஒரு பங்கு. கூட்டினாலும் குறைத்தாலும் கடைசிவரை பிசுபிசுக்கும், சுரண்டி எறிவதைத் தவிர வழியில்லை. டப்பாவில் உள்ள விகிதத்தை, எடை என்றால் தராசில், கொள்ளளவு என்றால் அளவுக் குவளையில் அளந்து எடுங்கள். யாழ்ப்பாண வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னர்தான் வேண்டும். ஒரு முறைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் அகன்ற தட்டில் ஊற்றுங்கள். அரைக்கிலோவைக் குவளையில் விட்டால் புகைந்து கட்டியாகிவிடும்.

கட்டும் முறை

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வாடையில் ஈரம், சோளகத்தில் புழுதி. கிடுகுக் கொட்டில் போதும். கூரைக்குக் கீழ் தறப்பாள் கட்டினால் தூசு விழாது.

தாள்களை நீளவாக்கில் ஒட்ட, ஓரங்களைத் தடிப்பின் 8 மடங்குக்குச் சீவுங்கள்: 6 மி.மீ.க்கு 48, 9 மி.மீ.க்கு 72. வெட்டிய பாகங்களை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, 15 செ.மீ.க்கு ஒரு துளை போட்டுச் செப்புக்கம்பியால் தையுங்கள். தங்கூசியால் (நைலோன் இழையால்) தைத்தால் முடிச்சு இளகும்.

தைத்ததும் அடிப்பாகத்தின் பின் பாதியில் 2 மீற்றர் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். அங்கே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. வெளிப்பக்கம் புடைத்திருந்தால் வேகத்தில் படகு துள்ளித் துள்ளி ஓடும். உட்குழிந்திருந்தால் அணியம் (முன்முனை) நீரில் குத்தும். ஒட்டிய பிறகு திருத்தவே முடியாது.

உள் மூலைகளுக்கு எப்பொக்சியில் அரித்த மரத்தூளும் சிலிக்காத் தூளும் கலந்து, கரண்டியைச் சரித்தாலும் வழியாத பதத்தில் பூசி, வட்டமாக வெட்டிய பிளாஸ்ரிக் மூடியால் 25 மி.மீ. ஆரத்துக்கு இழுங்கள். அது இளகலாக இருக்கும்போதே நாடாவைப் பதியுங்கள். இறுகியதும் வெளியே நிற்கும் கம்பி முனைகளை வெட்டிவிட்டு, படகைக் கவிழ்த்து, வெளி விளிம்புகளை 8 மி.மீ. உருட்டுங்கள். இல்லாவிட்டால் துணி மடியாது, காற்று பிடிக்கும். ஆனால் பின்பலகையின் கீழ் விளிம்பைத் துணி ஒட்டிய பின் தடித்த பசையால் மறுபடி கூர்மையாக்க வேண்டும். உருண்டிருந்தால் நீர் பிரியாமல் படகைப் பின்னுக்கு இழுக்கும்.

மரத்தில் எப்பொக்சியின் முதற் பூச்சைப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் ஊசித்துளைகளாக வெளிவரும். அந்தத் துளைகள்தான் பிறகு நீர் புகும் வழி. பூச்சு விரலில் ஒட்டாமல் ஆனால் இன்னும் நகம் பதியும் நிலையில் அடுத்ததைப் பூசுங்கள். ஒரு இரவு தாண்டினால் மேலே மெழுகுப் படலம் வரும். அதைத் தின்னரால் துடைத்தால் பரவும்; தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு அரத்தாள் போடுங்கள். கடலோரக் கிணற்று உவர்நீர் வேண்டாம், உப்புப் படிந்தால் அடுத்த பூச்சு ஒட்டாது.

பின்பலகை

18 மி.மீ. இரண்டு அடுக்கு ஒட்டினால் 36 மி.மீ. குட்டைத்தண்டு எஞ்சினுக்கு உயரம் 15 அங்குலம், நீளத்தண்டுக்கு 20. எஞ்சினைக் கையில் வைத்து அளந்த பிறகே வெட்டுங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 12 மி.மீ. துளை போட்டு, தடித்த எப்பொக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் 8 மி.மீ. துளையுங்கள். படகில் எந்த ஆணிக்கும் இதே முறைதான். உக்கிப்போன பின்பலகையைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரு போல்ட் துளையிலிருந்துதான் கறுப்பு தொடங்கியிருக்கும்.

மிதவைக்கு இருக்கைகளின் கீழ் 200 லீற்றர் இடம் விட்டு, மூடி இறுக்கிய சோடாப் போத்தல்களை நிரப்புங்கள். ரெஜிபோம் வைத்தால் பெற்றோல் சிந்தியதும் கரையும். நுரை ஊற்றினால் அது ஈரத்தைப் பிடித்து மரத்தோடு அழுத்தி வைத்திருக்கும்.

எப்பொக்சி வெயிலில் வெளிறிச் சிதையும். ஒரு கிழமை காயவிட்டு வெள்ளை நிறத்தில் இரண்டுபாகப் பொலியூரித்தேன் வர்ணம் அடியுங்கள். அரத்தாள் போடும்போது முகக்கவசம், நீளச்சட்டை, கையுறை கட்டாயம். தோலில் பட்ட ரெசினை அசிற்றோனால் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த படகை நீங்கள் தொடவே முடியாது.