ரேம்மர் பழுது: எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்

கோலாலம்பூரில் குழாய் பதித்த பள்ளங்களை மூடி மண்ணை இறுக்கும் ரேம்மர் ஓடாமல் நின்றுவிட்டால், பலரும் எடுத்த எடுப்பில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன், பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா, நிறுத்தும் சுவிட்ச் ஓடும் நிலையில் உள்ளதா, எஞ்சின் எண்ணெய் போதுமானதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் துண்டிக்கும் சென்சார் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. இவை சரியாக இருந்து, தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் துளையை அடைத்திருக்கும் என்ற ஐயம் எழுந்தால், அப்போது கார்புரேட்டரைத் தொடலாம்.

இயந்திரம் நோகக்கூடாது என்றெண்ணி எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் நெம்புகோலைப் பாதியில் வைத்து ஓட்டுவதுதான், என் கணிப்பில், மிக அதிகம் செலவு வைக்கும் தவறு. எஞ்சினின் விசையை அடிக்கும் பகுதிக்குக் கடத்த ரேம்மரில் இருப்பது மையவிலக்கு கிளட்ச். எஞ்சின் வேகம் கூடும்போதுதான் அதன் பட்டைகள் விரிந்து டிரம்மைப் பற்றும். பாதி வேகத்தில் அவை பற்றியும் பற்றாமலும் உரசிச் சூடேறித் தேய்ந்துவிடுவதால், பிறகு எஞ்சின் முழங்கினாலும் மண்ணை அடிக்கும் அடிப்பலகை எழாது. சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுச் சூடேற்றியபின், நெம்புகோலை ஒரே தள்ளில் முழு வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இயந்திரத்தின் மேல் வீண்பழி விழுவதும் உண்டு. பிற்பகல் மழையில் ஊறிய களிமண்ணில் அடிப்பலகை ஒட்டிக்கொள்ளும், மண்ணும் இறுகாமல் பக்கவாட்டில் பிதுங்கும். ஒரு பிடி மண்ணை அழுத்திப் பாருங்கள்: விரல்களில் சேறாக ஒட்டினால் உலரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

லோரியில் ஏற்றும்போது, கையேடு சொல்லும் பக்கத்துக்கு மாறாகப் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடக்கூடும். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்பும் கயிறு இறுகி நிற்கும். வலுவாக இழுப்பது எஞ்சினையே சிதைக்கலாம். சுவிட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து எண்ணெயை வெளியேற்ற வேண்டும். அப்போது பிளக் துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

பழுது நீங்கியதா என்று கான்கிரீட் தரையில் ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. அடியின் விசையை வாங்கிக்கொள்ளாத தரை அதை இயந்திரத்துக்கே திருப்பிவிடும். சோதனையை மண்மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.