மூச்சடக்கி மூழ்கும் சாதனைகளை எடைபோடுவது எப்படி?

காற்றுக்கலன் இன்றி மூச்சடக்கி மூழ்கும் ஃப்ரீடைவிங்கில் ஒருவர் உலகச் சாதனை படைத்துவிட்டதாகச் செய்தி வந்தால், எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அது எந்தப் பிரிவில், எந்த அமைப்பின் விதிப்படி நிகழ்ந்தது என்று முதலில் பாருங்கள். 2009இல் ஸ்டெஃபான் மிஃப்சுத் அசையாமல் மூச்சடக்கிய 11 நிமிடம் 35 நொடி, ஐடா எனும் பன்னாட்டு ஃப்ரீடைவிங் அமைப்பு ஏற்ற சாதனை. 2021இல் புடிமிர் ஷோபத் எட்டிய 24 நிமிடம் 37 நொடியோ, தூய ஆக்சிஜனை முன்கூட்டியே சுவாசித்துவிட்டுச் செய்த கின்னஸ் சாதனை. ஐடா போட்டிகளில் அந்த ஆக்சிஜனுக்கு இடமில்லை என்பதால், இரண்டையும் ஒரே தட்டில் நிறுப்பது இருவருக்குமே அநீதி. ஐடாவும், சிமாஸ் எனும் உலக நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பும் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பதால், இருவர் ஒரே நேரத்தில் உலகச் சாதனையாளராக இருப்பதும் உண்டு. அதை மோசடி என்று கருத வேண்டியதில்லை.

அடுத்து, வீரர் நீர்மட்டத்துக்கு வந்தபின் நடந்ததைக் கவனியுங்கள்; என் பார்வையில் சாதனையின் உயிர் இங்குதான் இருக்கிறது. ஐடா விதிப்படி, 15 நொடிக்குள் கண்ணாடியையும் மூக்குக் கிளிப்பையும் கழற்றி, ஓகே சைகை காட்டி, தான் நலமாக இருப்பதாக வாயால் சொல்ல வேண்டும். ஆழத்தில் எதைச் சாதித்திருந்தாலும், மேலே வந்து மயங்கினால் சிவப்பு அட்டைதான்; முயற்சி செல்லாது. ஆகவே அந்த நொடிகள் வெட்டின்றிப் பதிவான காணொளியைக் கேளுங்கள்.

ஆழத்துக்குச் சான்று, கயிற்றின் அடித்தட்டிலிருந்து எடுத்துவந்த அடையாள வில்லையும் ஆழமானியின் பதிவும். தன் காலால் உதைத்து நீந்துபவர் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் கடக்கிறார் என்பதால், 100 மீட்டர் இறங்கி ஏற மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இதைவிட மிகக் குறைந்த நேரம் சொல்லப்பட்டால் ஐயப்படலாம். ஆழமானி உண்மையில் அளப்பது நீரழுத்தத்தைத்தான். கடல்நீருக்கென அமைத்த கருவி நன்னீர் ஏரியில் ஆழத்தைச் சற்றுக் குறைத்தே காட்டும்.

போட்டி மனப்பான்மை சூடேறிய நேரத்தில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். 2002 ஆகஸ்டில் டான்யா ஸ்ட்ரீட்டர், எடையேற்றிய சறுக்குக் கருவியில் இறங்கி காற்றுப் பையால் மேலேறும் நோ லிமிட்ஸ் பிரிவில் 160 மீட்டரைத் தொட்டார். அதே ஆண்டு அக்டோபரில், டொமினிக்கன் குடியரசில் 171 மீட்டருக்கு இறங்கிய ஆட்ரி மெஸ்ட்ரே, மேலே தூக்கிவர வேண்டிய பையில் போதிய காற்று நிரம்பாமல் உயிரிழந்தார். அம்முயற்சியை நடத்தியது அவருடைய கணவர் பிபின் ஃபெரெராஸின் குழு. நடுவர்களும் பாதுகாப்பு வீரர்களும் சாதனையாளரின் குழுவைச் சாராதவர்களா என்ற கேள்வியை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. எதிராளி ஒருவர் சாதனையை மறுத்தால், எந்த விதி மீறப்பட்டது என்று அவரிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த வீரரின் சாதனையையும் அதே விதியால் அளந்து பாருங்கள்.