53 வயதில் வால்ட்ஸ்: தையல்காரியின் குறிப்புகள்

முதலில் சப்பாத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வால்ட்ஸ் போன்ற ஜோடி நடனம் கற்கும் வகுப்புக்கு ரப்பர் அடி வைத்த சப்பாத்தோடு போகாதீர்கள். நான் போனேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சீனர் சங்கக் கட்டடம் ஒன்றின் மாடியில் பலகைத் தரை. உடம்பு திரும்பியது, சப்பாத்து தரையை விட மறுத்தது, நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால். மூன்று நாள் தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. பால்மரத்தை நம்பி வளர்ந்தவளுக்கு ரப்பரே வினையானது.

நடனச் சப்பாத்தின் அடியில் சொரசொரப்பான மெல்லிய தோல் இருக்கும். வழுக்கவும் செய்யும், நிற்கவும் செய்யும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. குதிகாலை வார் பிடிக்கும் பழைய சப்பாத்து ஒன்றைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அந்தத் தோலை ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜப்பான் சிலிப்பர் பின்னடி வைத்ததும் கழன்று ஓடிவிடும். வெறும் காலுறையோடு ஆடினால் இடுப்பெலும்புக்கு நான் பொறுப்பில்லை. சேலையும் வேண்டாம். எதிரில் இருப்பவர் கொசுவத்தை மிதிப்பார், பின்விளிம்பை நீங்களே மிதிப்பீர்கள். பஞ்சாபி உடை போதும். கால்சட்டை கணுக்காலுக்கு 2 அங்குலம் மேலே நிற்கட்டும், துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும்.

ஜோடியாக ஆடும் போட்டி நடனங்கள் பத்து. ஒரு பக்கம் வால்ட்ஸ், டேங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப். லத்தீன் பக்கம் சா-சா-சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். பத்தையும் பார்த்து மலைக்க வேண்டாம். மெதுவான வால்ட்ஸில் தொடங்குங்கள். அதன் தாளம் மூன்று தட்டுள்ள 'தகிட'தான். முதல் தட்டு கனம். நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டுகள். கைப்பேசியில் தாளக்கருவிச் செயலி ஒன்றை இறக்கி அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அந்த இசையைப் போட்டுவிட்டு, கால் வரவில்லை என்று நான் அழாத குறை.

இனி, வால்ட்ஸின் அடிப்படை அடியான சதுரம். தையல் சாக்குக்கட்டியால் சிமெண்டுத் தரையில் 18 அங்குலப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். பெண் பாகத்துக்கு: வலது கால் பின்னே, இடது கால் பக்கவாட்டில், வலது கால் வந்து சேர வேண்டும். அடுத்து இடது கால் முன்னே, வலது கால் பக்கவாட்டில், இடது கால் சேர வேண்டும். ஆறு அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஆண் பாகம் இதன் கண்ணாடிப் பிம்பம். இடது கால் முன்னே வைத்துத் தொடங்கும்.

படிக்கும்போது எளிது. எல்லாரும் தடுக்கி விழுவது மூன்றாம் அடியில். கால் வந்து ஒட்டி நிற்கும், உடம்பின் பாரம் மட்டும் பழைய காலிலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்து எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் மூளை நின்றுபோகும். இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு அடிக்கும் பிறகு மற்றக் காலைச் சற்றே தூக்கிப் பாருங்கள். இலகுவாக வந்தால் பாரம் மாறிவிட்டது. வராவிட்டால் நீங்கள் அடி வைக்கவில்லை, தரையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டு வாரம் இசையே போடாமல் இதை மட்டும் செய்தேன். முதல் வாரமே பத்து விதச் சுழற்சி கற்றுத்தரும் வகுப்பில் எனக்கு நம்பிக்கையில்லை.

எங்கள் ஆசிரியை சீனப் பெண்மணி, மலாயில்தான் கற்பிப்பார். அவர் அதிகம் சொன்ன வாக்கியம், "ஜாங்கான் தெங்கோக் காக்கி." காலைப் பார்க்காதே. ஐந்தாவது முறை கேட்டபோதுதான் எனக்கு ரப்பர் தோட்டம் நினைவுக்கு வந்தது. பதினேழு வயதில் அம்மாவோடு நிரை (மர வரிசை) பிடித்துப் பால் வெட்டியிருக்கிறேன். கத்தியை நம்மை நோக்கி இழுக்க இழுக்க, மரத்தைச் சுற்றிப் பின்னடி வைக்க வேண்டும். கீழே வேர் இருக்கும், பள்ளம் இருக்கும், கண் மட்டும் பட்டையை விட்டு நகராது. முன்விரல் மண்ணைத் தடவிப் பார்த்த பிறகே பாரம் இறங்கும். வால்ட்ஸின் பின்னடியும் அப்படியே, விரல் முதலில், குதிகால் கடைசியில். முன்னடிக்குக் குதிகால் முதலில். அன்று முதல் எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்து ஆடினேன்.

கூச்சத்துக்கு வருகிறேன். அடுத்த வீட்டு ஆண் கையைக்கூடத் தொட்டறியாத நமக்கு இதுவே பெரிய மலை. எனக்கு முதல் ஜோடியாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய சீன அங்கிள். அவருடைய உள்ளங்கை என்னுடையதைவிட வியர்த்திருந்தது. பிடிக்கும் முறை தெரிந்தால் கூச்சம் பாதி குறையும்: அவருடைய வலது கை உங்கள் இடது தோள்பட்டை எலும்பின் மேல், இடுப்பில் அல்ல, உங்கள் இடது கை அவருடைய மேற்கையில். மறு கைகள் உங்களில் குட்டையானவரின் கண் உயரத்தில் கோத்திருக்கும். நேருக்கு நேர் நிற்காமல் இருவரும் அவரவர் இடப்பக்கம் சற்றே விலகி நில்லுங்கள். கால்விரல்கள் தப்பிக்கும். தோள் குலுங்கக் கூடாது. உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கடினம்தான்.

கூடத்தைச் சுற்றும் திசை கடிகாரத்துக்கு எதிர்த்திசை. கோயிலில் வலம் வந்து பழகிய நான் நடந்து பழகும்போது இரண்டு முறை எதிரில் வந்தவர்மேல் மோதினேன். சதுரம் மட்டுமே தெரிந்தவர்கள் நடுக்கூடத்தில் ஆடிக்கொள்ளுங்கள். ஓரம், கூடத்தைச் சுற்றி வருபவர்களுக்கு.

எங்கள் வகுப்பில் ஆண்கள் குறைவு, அதனால் பெண்களில் சிலர் ஆண் பாகத்தையும் கற்கிறார்கள். முதல் இரண்டு மாதம் அதைத் தவிர்த்துவிடுங்கள். எந்தக் கால் யாருடையது என்றே குழம்பிப்போகும். மூன்றாம் மாதம் ஆண் பாகத்துக்கு நீல நிறச் சாக்குக்கட்டியால் இன்னொரு சதுரம் வரைந்தேன். செம்பனை லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர், "வீட்டுக்குள்ளேயும் பார்க்கிங் கோடா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது சன்னல் வழியே பார்த்தேன். நீலச் சதுரத்தின் மேல் நின்றிருந்தார். வலது காலை முதலில் வைத்தார். தவறு. வாசலில் இரண்டு முறை இருமிவிட்டு உள்ளே போனேன்.