ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சலா? கரன்ட் பக்கம் இந்தத் தவறுகள் வேண்டாம்

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தால் பலர் செய்கிற முதல் வேலை, ஆம்பிளிஃபையர் பிளக்கில் இருக்கும் தடித்த எர்த் பின்னை வெட்டிவிடுவது. சத்தம் நிற்கலாம்தான். ஆனால் என்றைக்காவது உள்ளே லைன் வயர் நழுவி இரும்புப் பெட்டியைத் தொட்டால், தொடுகிறவர் உடம்பில் 230 வோல்ட் பாயும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்த இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், செட்டுக்கு இரண்டு பக்கமிருந்து எர்த் வருவதுதான். ஆம்பிளிஃபையருக்கு பிளக் வழியாக ஒன்று. அதோடு டிவியை இணைத்திருப்பீர்கள், டிவிக்கு செட்டாப் பாக்ஸ், அதற்கு மொட்டை மாடிகளைத் தாண்டி வருகிற கேபிள் வயர், அந்த வயரின் மேலுறை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் ஆடியோ வயரில் ஏறிவிடும். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் விஷயம் அங்கேதான். கேபிள் லைனில் ஒரு ஐசொலேட்டர் (இரண்டு பக்க எர்த்தையும் பிரித்துவிடும் சின்னக் கருவி) போடலாம், அல்லது டிவியிலிருந்து ஆம்பிளிஃபையருக்கு ஆப்டிகல் வயர் போடலாம்; அதில் வெளிச்சம்தான் போகிறது, கரன்ட் போவதில்லை.

அடுத்த தவறு, மூன்று ஓட்டை இருக்கிறது, எர்த்தும் இருக்கும் என்று நம்புவது. வட சென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய போர்ஷன் வீடுகளில் சாக்கெட் புதிதாக இருக்கும், பின்னால் எர்த் வயரே வந்திருக்காது. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் வயர் வந்திருந்தாலும் உப்புக்காற்று சும்மா விடாது. எலக்ட்ரீஷியனிடம் மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்: திருகில் துரு, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு, லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும் நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகிற வயர்). ஸ்பீக்கரில் வருகிற 'படபட'வுக்கு இதுவே போதும். கருத்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கினால் வேலை முடிந்தது. பிறகு மெயினைப் போட்டு, மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் கட்டடத்தின் எர்த்திங்கையும் வயரிங்கையும் சோதிக்க வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் பவர் கேபிள் வாங்குவது வீண். சுவருக்குள் பல மீட்டர் சாதாரண வயரில் வந்த கரன்ட்டை கடைசி ஒன்றரை மீட்டர் என்ன செய்துவிடும்?

கோடையில் ராத்திரி எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் சவுண்டே போய்விட்டது என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சாதாரண ஆம்பிளிஃபையரில் உச்ச பவர் கால்வாசி குறையும். சத்தத்தை அளக்கும் கணக்கில் அது ஒரு டெசிபலுக்குச் சற்று மேல்தான், அதுவும் முழு வால்யூமில். அதற்காக ரிலே ஸ்டெபிலைசர் வாங்கினால், வோல்டேஜை மாற்ற அதன் சுவிட்ச் மாறும்போதெல்லாம் வரும் 'டக் டக்' சத்தம்தான் மிச்சம். அப்புறம், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் (வீட்டுக் கரன்ட் மாதிரி வளைவான அலை இல்லாமல் கட்டம் கட்டமாகக் கரன்ட் தருவது) ஆம்பிளிஃபையரை ஓட்டாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரே உறுமும், சூடாகும். கரன்ட் போனபோது பாட்டு வேண்டுமென்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.