குளியல் சோப்புக்கு உறுத்தாத பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுச் சோப்புக்கு முதலில் எடுக்கப்படுவது செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்தான். அது நன்றாக நுரைக்கும், கட்டியும் உறுதியாக வரும். ஆனால் அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் என்பதால், தனியாகப் பயன்படுத்தினால் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப்பசையையும் கழுவி, வறட்சியை உண்டாக்கிவிடும். ஆகவே புதியவர்கள் 200 கிராம் தேங்காய் எண்ணெய், 250 கிராம் பாமாயில், 50 கிராம் விளக்கெண்ணெய் என்று கலந்து தொடங்குவது நல்லது. விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும்; மிகுதியானால் சோப்புப் பிசுபிசுக்கும். காறல் வாடை வீசும் பழைய எண்ணெய் எதையும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது காஸ்டிக் சோடா, அதாவது எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு). அது சேராத சோப்பு என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஆனால் உருக்கி ஊற்றும் ஆயத்தக் கட்டிகளும்கூடக் காரத்தைக் கொண்டு முன்பே செய்யப்பட்டவைதான். எண்ணெயோடு முழுமையாக வினைபுரிந்துவிட்டால் சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. எனவே தோலுக்கு இதமான சோப்பைத் தருவது மூலிகையைவிடச் சரியான அளவுதான். ஒரு கிராம் எண்ணெய்க்குத் தேவைப்படும் காஸ்டிக் சோடா, தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், பாமாயிலுக்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. மேற்சொன்ன கலவைக்கு இது 78 கிராம் அளவில் வரும். அதில் 5 சதவீதம் குறைத்து 74 கிராம் எடுத்தால், கொஞ்சம் எண்ணெய் மாறாமல் தங்கித் தோலுக்கு இதமளிக்கும். எண்ணெயின் வகையையோ அளவையோ மாற்றினால் கணக்கை மறுபடி போட வேண்டும். கரண்டி அளவு உதவாது, மின்தராசு கட்டாயம்.

சாக்கடை அடைப்பு நீக்கும் தூளில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம் என்பதால் அதைத் தவிர்த்து, தூய காஸ்டிக் சோடாவையே வாங்குங்கள். 150 கிராம் தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒருபோதும் அதன் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அது காரத்தோடு வினைபுரிந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். எவர்சில்வர் பாத்திரம், கையுறை, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம், குழந்தைகள் வராத இடம் ஆகியவை போதும். தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள்.

வாசனைக்கும் நிறத்திற்கும் சேர்ப்பவற்றில்தான் ஆசை எல்லை மீறுகிறது. எலுமிச்சைச் சாறு காரத்தைச் செயலிழக்கச் செய்து கணக்கைக் குலைக்கும். இலவங்கப்பட்டை, கிராம்புத் தைலங்கள் பலருக்கு எரிச்சல் தரும். வெட்டிவேர்த் தூளை நன்றாகச் சலித்து ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். கரடுமுரடாக இருந்தால் தோலைக் கீறும். என் கருத்தில், முதல் தொகுதிக்கு எதுவுமே சேர்க்காமலிருப்பது உத்தமம், ஏனெனில் அரிப்பு வந்தால் காரணத்தைத் தேட வேண்டியிராது.

வார்த்த கட்டிகளை 4 முதல் 6 வாரம் காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, முழங்கை மடிப்பில் தேய்த்துக் கழுவி ஒரு நாள் பார்த்த பின் பயன்படுத்துங்கள். கைக்குழந்தைகளுக்கும் தோல் நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.