‘ஸ்டைல்’ என்ற சொல்லைத் தமிழாக்குவது எப்படி?

மொழிபெயர்க்கும்போது ‘ஸ்டைல்’ எதிர்ப்பட்டவுடன் ‘பாணி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் பழக்கம் பலருக்கு உண்டு. சில இடங்களில் அது பொருந்தும். மற்ற இடங்களில் வாக்கியத்தையே கெடுத்துவிடும். தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்கு முன், அந்த இடத்தில் ‘ஸ்டைல்’ யாருக்கு உரியது அல்லது எதற்கு உரியது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘ஸ்டிலுஸ்’, அதாவது எழுத்தாணி. ரோமானியர் மரப்பலகையைக் குடைந்து மெழுகு நிரப்பி, இரும்பாலோ எலும்பாலோ செய்த ஆணியின் கூர்முனையால் அதில் எழுதினர். ஆணியின் மறுமுனை தட்டையாக இருந்ததால், அதைக் கொண்டு மெழுகைத் தேய்த்து எழுதியதை அழிக்கவும் முடிந்தது. நல்ல கவிதை எழுத விரும்புகிறவன் ஆணியை அடிக்கடி திருப்ப வேண்டும் என்று ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் சொன்னபோது, திருத்தி எழுது என்பதே அவர் கருத்து. நம் ஓலைச்சுவடிக்காரருக்கு அந்த வசதி இல்லை, கீறியது கீறியதுதான். கருவியின் பெயர் எழுதும் விதத்துக்கும், பின்னர் எதையும் செய்யும் விதத்துக்கும் ஆகிவந்ததை நம் இலக்கணப்படி கருவியாகுபெயர் எனலாம். தமிழில் எழுத்தாணி அந்த வழியில் போகவில்லை. நாம் ‘நட’ என்ற வினையிலிருந்து ‘நடை’யைப் பெற்றோம்.

ஆகவே எழுத்தைப் பற்றிய பேச்சானால் ‘நடை’ என்றே எழுதுங்கள். ‘அவருடைய உரைநடைப் பாணி’ என்பது ஒரே சுமையை இரண்டு முறை தூக்குவது. கலையில் ஒரு பள்ளிக்கோ வழிமுறைக்கோ உரியதைச் சொல்லும்போது ‘பாணி’ கச்சிதமாக அமையும்: பரதத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி, ஓவியத்தில் தஞ்சாவூர் பாணி. தாளம், பாட்டு என்ற பொருள்களும் இச்சொல்லுக்குப் பழைய நூல்களில் உண்டு என்பதால், கலைப்பேச்சில் அது அந்நியமாக ஒலிப்பதில்லை. உடையிலும் முடியிலும் காலத்துக்குக் காலம் மாறுவதற்கு ‘மோஸ்தர்’ இருக்கிறது. ‘லைஃப் ஸ்டைல்’ என்பதற்கு ‘வாழ்க்கை முறை’ போதும்.

ஏமாற்றுகிற இடங்கள் இரண்டு. ஒன்று தாவரவியல். செம்பருத்திப் பூவின் நடுவில் நீண்டிருக்கும் மகரந்தக் குழலை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே மெல்லிய இழை ஒன்று ஓடி, நுனியில் ஐந்தாகப் பிரிந்து ஐந்து சூலக முடிகளைத் தாங்கி நிற்கும். அந்த இழைதான் அங்கே ‘ஸ்டைல்’. தமிழில் சூலகத் தண்டு. இதற்கும் எழுத்தாணிக்கும் உறவில்லை. தூணைக் குறிக்கும் ‘ஸ்டூலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே இதன் மூலம். இலத்தீன் சொல்லும் அதிலிருந்து பிறந்ததென்று தவறாகக் கருதியதால்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்டைல்’ என்பதன் நடுவே ‘ஐ’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒய்’ வந்து அமர்ந்தது. பொய்யான உறவு எழுத்துக்கூட்டலில் நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

மற்றொன்று தேதி. வரலாற்று நூல்களில் ‘ஓல்ட் ஸ்டைல்’, ‘நியூ ஸ்டைல்’ என்று வந்தால் அவை ஜூலியன், கிரிகோரியன் நாட்காட்டிகளைக் குறிப்பவை. பிரிட்டன் 1752-இல் மாறியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7. இங்கே ‘பழைய பாணியில் அக்டோபர் 25’ என்று எழுதினால் வாசகர் திகைப்பார். ‘பழைய நாட்காட்டிப்படி’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

கதையின் உரையாடலில் மட்டும் இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். கூலிங் கிளாஸைச் சுழற்றி மாட்டும் தம்பியைப் பார்த்துத் தெருமுனை டீக்கடையில் ஒருவர் ‘செம ஸ்டைலுப்பா’ என்கிறார் என்றால், அதை ‘மிக நேர்த்தியான பாங்கு’ என்று மாற்றும் மொழிபெயர்ப்பாளர் அந்தத் தம்பியையும் டீக்கடையையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.