மகரந்தத்தைக் கெடுத்தது கதிரா, பயணமா? சணப்பை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சணப்பை மகரந்தத்துக்குக் காமாக் கதிரோ புற ஊதாக் கதிரோ கொடுத்து, அது எவ்வளவு முளைக்கிறது, விதை பிடிக்கிறதா என்று பார்க்கும் மாணவர் ஆய்வுக்கான குறிப்புகள் இவை. முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. சாக்குக்கு நார் தருவது சணல். செட்டிநாட்டு வயல்களில் பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழுவது சணப்பை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் வரும் ‘ஹெம்ப்’ கஞ்சா இனம். அதில் பெரும்பாலும் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி, மகரந்தம் காற்றில் பறக்கும். சணப்பையோ அவரைக் குடும்பம், வண்டு வந்தால்தான் காய் பிடிக்கும். ஹெம்ப்புக்குச் சொன்ன கதிர் அளவைச் சணப்பைக்கு அப்படியே போடக் கூடாது. ஹெம்ப் வளர்க்க 1985 போதைப்பொருள் சட்டப்படி அரசு உரிமம் வேண்டும். ஆகவே காரைக்குடிப் பக்கத்து மாணவர்களுக்குச் சணப்பைதான் கைக்கெட்டும் செடி. பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுவார்கள். ஆய்வுக்கு இரண்டு பாத்தியை விட்டுவைக்க முன்பே சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கன்ட்ரோலில், அதாவது ஒப்பிடுவதற்காகக் கதிர் கொடுக்காமல் வைக்கும் தொகுதியில், நடக்கிறது. காமாக் கதிர் கொடுக்கக் கல்பாக்கம் போன்ற இடத்துக்குப் போக வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கதிர் வாங்க வேண்டிய மகரந்தத் தூள் ரயிலில் வெயில் பட்டு, குலுங்கி, மறுநாள் திரும்பி வருகிறது. கதிர் வாங்காத தூளோ ஊரில் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு “முளைப்பு பாதியாகிவிட்டது” என்று எழுதினால், அதில் கதிரின் பங்கு எவ்வளவு, சித்திரை வெயிலின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. மூன்று தொகுதி தேவை: ஊரில் வைத்தது, கூடவே போய்க் கதிர் வாங்காமல் திரும்பியது, கதிர் வாங்கியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுவதுதான் கதிரின் கணக்கு. கிளம்பும் முன்பே முளைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தூளைக் கொண்டு போகாதீர்கள்.

ஒரு குப்பித் தூளுக்குக் கதிர் கொடுத்து, அதிலிருந்து நுண்ணோக்கியில் பார்க்க மூன்று கண்ணாடிச் சில்லு போட்டால், அது ஆய்வை மூன்று முறை திரும்பச் செய்ததாக (மறுசெய்கை) ஆகாது. மூன்று குப்பிகள், தனித்தனியே.

அளவுக் கணக்கிலும் கவனம் வேண்டும். கதிர் அளவை இப்போது கிரே என்ற அலகில் சொல்கிறோம், பழைய கட்டுரைகள் கிலோ ராட், கிலோ ராண்ட்ஜன் என்று எழுதியிருக்கும். 1 கிரே என்பது 100 ராட். 10 கிலோ ராண்ட்ஜன் ஏறக்குறைய 96 கிரே. காமாக் கதிர் தரும் கோபால்ட்-60 மூலத்தின் அரை ஆயுள் 5.27 ஆண்டு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வலு குறையும். மூலத்தின் வலுவைச் சொல்லும் இரண்டு ஆண்டுக்கு முந்தைய சான்றிதழை நம்பி நேரத்தைக் குறித்தால், 300 கிரே என்று நினைத்தது 231 கிரேதான். கதிர் வாங்கிய நாளில் மணிக்கு எத்தனை கிரே என்ற வீதத்தைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். காமாக் கதிர் பட்ட தூள் கதிரியக்கப் பொருளாக மாறாது. கையாளப் பயம் வேண்டாம்.

ஈரம் கூடினால் கதிரின் பாதிப்பும் மாறும். அதனால் எல்லாத் தொகுதியையும் ஒரே ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூடிய டப்பாவில் பூரித (இனிமேல் உப்பு கரையாத அளவு கரைத்த) மக்னீசியம் குளோரைடு கரைசல் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 33 சதவீதத்தில் நிற்கும். வளவு வீட்டின் உள்ளறை குளுமையாக இருக்கிறதே என்று அங்கே உலர்த்த வேண்டாம். மழைநாளில் அந்த அறையின் ஈரம் தூளைக் கட்டியாக்கிவிடும். குளிரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.

அசெட்டோகார்மைனில் சிவந்தது எல்லாம் உயிருள்ளது என்று எண்ணுவது பரவலான பிழை. அந்தச் சாயம் உள்ளே சரக்கு இருக்கிறதா என்றுதான் காட்டும். புதிதாகச் செத்த தூளும் சிவக்கும். 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துக் கொன்ற தூளையும் பக்கத்தில் சாயமேற்றிப் பாருங்கள். அதுவும் சிவந்தால் அந்த எண்ணிக்கையை உயிர்த்திறன் என்று எழுதக் கூடாது.

மகரந்தத்தை முளைக்க வைக்கும் கரைசலுக்கு (முளைப்பு ஊடகம்) ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, வாலை வடிநீர்தான். லிட்டருக்குச் சுக்ரோஸ் (சர்க்கரை) 100 கிராம், அதாவது 10 சதவீதம், போரிக் அமிலம் 100 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 300, மக்னீசியம் சல்பேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100 மில்லிகிராம் என்று தொடங்கி, சுக்ரோஸை மட்டும் 15, 20 சதவீதம் என்று ஏற்றிப் பாருங்கள். உலர்ந்த தூளை நேரே திரவத்தில் போட்டால் வெடிக்கும். அரை மணி நேரம் ஈரப்பெட்டியில் வைத்தபின் தூவுங்கள். தூவும் அடர்த்தியும் ஒன்றாக இருக்கட்டும், நெருக்கமாகக் கிடக்கும் மகரந்தம் கூடுதலாக முளைக்கும். மகரந்த மணியிலிருந்து நீளும் குழாயின் நீளம் மணியின் விட்டத்தைத் தாண்டினால்தான் முளைத்ததாகக் கணக்கு. சில்லுக்கு 300 மணியாவது எண்ணுங்கள், வெடித்ததைத் தனியே எழுதுங்கள். எது எந்த அளவு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது.

புற ஊதாக் கதிர் கொடுப்பவர்கள் பெட்ரி தட்டின் கண்ணாடி மூடியை எடுக்க மறந்துவிடுகிறார்கள். அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா-பி-யின் பெரும்பகுதியை அந்தக் கண்ணாடியே தடுத்துவிடும். தூளும் ஒரே அடுக்காகப் பரவியிருக்க வேண்டும்.

குழாய் நன்றாக முளைத்ததால் விதை பிடிக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். முளைப்பும் தொடக்க வளர்ச்சியும் மகரந்தம் ஏற்கெனவே சேர்த்து வைத்த சரக்கில் நடப்பவை. கருவில் உள்ள டிஎன்ஏ சிதைந்தாலும் குழாய் நீளும். முலாம்பழத்தில் 250, 300 கிரே கொடுத்த மகரந்தத்தைத் தூவி ஒற்றைமடியச் செடி (வழக்கத்தில் பாதி குரோமோசோம் மட்டும் உள்ள செடி) எடுப்பதே இந்தத் தன்மையை நம்பித்தான். எனவே காய்ப்பிடிப்பையும் காய்க்குள் நிறைந்த விதையையும் தனியே எண்ண வேண்டும். சணப்பையில் அதற்கு இன்னொரு படி உண்டு: பூவில் மகரந்தம் ஒட்டும் நுனியான சூலகமுடி உரசப்பட வேண்டும், வயலில் கருவண்டு செய்யும் வேலை அது. மொட்டிலேயே மகரந்தப்பைகளை நீக்கி, உறையிட்டு, மலர்ந்தபின் தூரிகையால் அழுத்தித் தேய்த்துத் தூவுங்கள். கதிர் வாங்காத மகரந்தத்துக்கும் அதே தேய்ப்பு, அதே கை.